மூன்று முறை அழித்த போன்

டைட்டஸ் அண்ணனை அடக்கம் செய்த மறுமாதம், அவர் போனை முழுக்க அழித்து வேறு சாஃப்ட்வேர் ஏற்ற அவர் வீட்டிலேயே உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் மிச்சம் வெக்காதே ஆசிர்," என்றார் அவர் மனைவி லீனா அண்ணி.

அழித்தேன். மேசையில் அசையாமல் கிடந்த போன், இன்று 412 ஸ்டெப்ஸ் நடந்ததாகக் காட்டியது. எரிச்சலோடு மறுபடி அழித்தேன். 1,130. மூன்றாம் முறை அழித்ததும் 1,846.

"எவ்ளோ காட்டுது?" என்று அண்ணி கேட்டார். சொன்னேன்.

"கல்லறைத் தோட்டத்துலருந்து நம்ம வீட்டுக்கு ரெண்டாயிரம் ஸ்டெப்ஸ். ஈஸ்டர் விடியல்ல அங்க ஆராதனை முடிஞ்சி எண்ணிக்கினே வருவாரு."

அண்ணி எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். எண் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது.

"இப்போ?"

"1,990, அண்ணி."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினார்.