மூன்றாவது பொட்டலம்

அறுபத்தெட்டு டிசம்பரில், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டை நெருங்கும்போது அந்தச் சின்ன விமானத்தின் இறக்கையெல்லாம் பனிக்கட்டி அப்பிக்கொண்டது. பாரம் தாங்காமல் விமானம் இறங்க ஆரம்பித்தது.

"கனமானதையெல்லாம் வெளியே தள்ளு!" என்று கத்தினார் விமானி க்ரூகர்.

பக்கத்திலிருந்த சேதுராமன் கதவைத் தோளால் முட்டித் திறந்து, பின்சீட்டில் இருந்ததையெல்லாம் இழுத்து இழுத்துத் தள்ளினார். மடியிலிருந்த சாப்பாட்டுப் பை மட்டும் தப்பியது. விமானம் சட்டென்று லேசாயிற்று. வேகத்தைக் குறைத்தால் பனி சுமந்த இறக்கை கைவிட்டுவிடும் என்பதால், க்ரூகர் அதே வேகத்தில் தரையிறக்கினார். ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சேதுராமன் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தார். மனைவி வேதவல்லி காலையில் கட்டிக்கொடுத்த தயிர்சாதப் பொட்டலங்கள் மூன்றும் அப்படியே இருந்தன. அவருக்கொன்று, க்ரூகருக்கொன்று.

"மூணாவது யாருக்கு, வேதா?"

அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "தெரியலையேன்னா. மிளகாய் போடாம, நன்னா குழையப் பிசைஞ்சிருக்கேன்."

பொட்டலத்தோடு, குழந்தைகள் பிடிக்கிற மாதிரி ஒரு குட்டி ஸ்பூனும் இருந்தது. வீட்டில் குழந்தை என்று ஒன்று இருந்ததாக இருவருக்கும் நினைவில்லை. சேதுராமனுக்கு நல்ல பசி. ஸ்பூனை ஒதுக்கி வைத்துவிட்டு, அதையும் கையாலேயே வழித்துச் சாப்பிட்டார்.