நான்காவது மூலை

மேசைமேல் கிடந்த ரன்னர் பட்டையின் இரண்டு முனைகளையும் தடவிப் பார்த்தாயிற்று. ஊசி இல்லை.

அன்னக்கொடி மேசையோரம் மண்டி போட்டாள். தொங்கிய வெள்ளை விரிப்பின் ஓர மடிப்பை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து, அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே நகர்ந்தாள்.

வராந்தாவில் பிள்ளைகளின் கூச்சல். பட்லர் குருநாதன் கதவில் முதுகைக் கொடுத்து அவர்களை மறித்து நின்றார்.

"வெரசா பாரு தாயி. பச்சப்புள்ளைக பசியில கெடக்கு. நீ என்னடான்னா மேசைக்கு நாடி புடிச்சுக்கிட்டிருக்க."

"ரெண்டே நிமிசங்க. ஊசியத் தவற விட்டுட்டேன்."

மதுரை டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அன்று ஐந்தாவது பிறந்தநாள். கூட ஏழெட்டு வாண்டுகள். காலையில் கடைத்தெருவில் கேக் வாங்க வந்த குருநாதன் சொல்லித்தான் அவளுக்கு அது தெரியும். அதுவரை பெரியவர்கள் விருந்து என்றே நினைத்திருந்தாள்.

வில்பட்டியிலிருந்து சுமந்து வந்த பூண்டுக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

ரன்னரின் குஞ்சங்கள் மேசையின் இரு தலைப்பிலும் தொங்கின. சரியாக ஐந்து வயதுக் கைக்கு எட்டும் உயரம்.

முதல் மூலை. இல்லை.

நாயுடுபுரம் தையல் வகுப்பில் சண்முகசுந்தரி டீச்சர் முதல் நாளே போட்ட சட்டம் ஒன்று உண்டு. எவள் தைத்த துணியில் ஊசி கிடைக்கிறதோ, அவளுக்கு அன்றோடு வகுப்பு முடிந்தது. ஏற்கெனவே ஒருத்தி அப்படிப் போயிருக்கிறாள்.

இந்தப் பங்களாவுக்குத் துணி தைக்க நிரந்தரமாய் ஓர் ஆள் வேண்டும். ஒரே ஓர் ஆள். விரிப்பைத் தைத்தது அன்னக்கொடி. அதன்மேல் மேசையின் நடுவே நீளமாக ஓடும் ரன்னர் பட்டையைத் தைத்தது சின்னத்தாயி. விருந்து முடிந்ததும் வீட்டுக்கார அம்மாள் இருவரில் ஒருத்தியை எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது மூலை. இல்லை.

அன்னக்கொடிக்குத் தன் கைமேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. அதனால்தான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைப்பாள். துணியை நனைத்துச் சுருங்கவிட்டது எத்தனை மணி நேரம், மடிப்பு எத்தனை அங்குலம், எந்த இடத்தில் கை தவறியது என்று தினமும் ஒரு பக்கம்.

சின்னத்தாயி எதையும் எழுதுவதில்லை. அவள் இடதுகைக்காரி. டீச்சர் எவ்வளவு அதட்டியும் கையை மாற்றவில்லை. வகுப்பில் எல்லோருடைய தையலும் வலப்பக்கம் சாயும். அவளுடையது மட்டும் இடப்பக்கம் சாயும். ஆனால் ஒரு தையல்கூட வரிசை தப்பாது.

மூன்றாவது மூலை. இல்லை.

"ஏம்மா, ஊசியத் தேடுறியா, உக்காந்து புதுசாத் தைக்கிறியா?" என்றார் குருநாதன். கதவை யாரோ வெளியிலிருந்து உதைத்தார்கள்.

நான்காவது மூலையைத் தொடவே அவளுக்குக் கூசியது. இரண்டு ஓரமும் சாய்ந்து சேரும் இடத்தில் துணி கட்டியாக உப்பி நின்ற மூலை அது. நேற்று மூன்று முறை பிரித்துத் தைத்தும் படியவில்லை. அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டாள்.

விரலால் அழுத்தினாள்.

உப்பல் இல்லை. காகிதம் மடித்தாற்போலத் தட்டையாகக் கிடந்தது.

மூலையை மெல்லப் புரட்டிப் பார்த்தாள். உள்பக்கத்தில் பொடிப்பொடியான தையல், பிசகாத வரிசை.

எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

நேற்று வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, துணிகளுக்கு இஸ்திரிப் பெட்டி போட டீச்சர் நிறுத்திவைத்தது சின்னத்தாயியைத்தான்.

சமையலறைக் கதவு திறந்தது. பரிமாற ஒத்தாசைக்கு வந்திருந்த சின்னத்தாயி, கையில் தட்டுகளோடு நின்றாள். மண்டி போட்டிருந்தவளை ஒரு கணம் பார்த்தாள். தட்டுகளை வைத்துவிட்டு, ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை உருவி நீட்டினாள்.

"இந்தா புள்ள, ஒன் ஊசி. பெட்டி போடுறப்ப கையில குத்துச்சு. ஒன் மூலை வேற தூக்கிக்கிட்டு நின்னுச்சா, அதாலயே பிரிச்சுத் தச்சு விட்டுட்டேன். டீச்சர்ட்ட சொல்லலை."

எந்தத் துணியில் குத்தியது என்று அவள் சொல்லவில்லை.

அன்னக்கொடியும் கேட்கவில்லை. ஊசியை வாங்கிக்கொண்டாள்.

"கெடச்சுதா?" என்றார் குருநாதன்.

"கெடச்சிருச்சுங்க."

கதவு விலகியது. பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடி வந்தார்கள். முதலில் வந்தவன் ரன்னரின் குஞ்சத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

அன்னக்கொடியின் நோட்டில் முந்தின நாள் பக்கம் இப்படி இருந்தது: "9-5-58, வெள்ளி. விரிப்பு. ஓர மடிப்பு ஒன்றரை அங்குலம். அங்குலத்துக்குப் பத்துத் தையல். மூன்று மூலை சரி. நாலாவது உப்பல். என்னால் ஆகவில்லை."

சின்னத்தாயி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், அவளுடைய ரன்னரின் மடிப்பைக் குஞ்சத்துக்குப் பக்கத்தில் பிரித்து, ஊசியை உள்ளே தள்ளி, நான்கு தையல் போட்டு மூடியதை மட்டும் அன்னக்கொடி எழுதவில்லை.

அந்த நான்கு தையலும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.