சத்தம் வராத கேமரா

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலையாக இருந்த தணிகைவேல், வீட்டு கேமராவைச் செல்போனில் பார்த்துப் பதறினான். சத்தம் வராத மலிவு கேமரா. அம்மா சம்பூர்ணம் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மனைவி எழிலரசி கையை நீட்டிக் கத்திவிட்டு, பெட்டியை வாசலுக்கு இழுத்தாள்.

பாவம் பிள்ளை, உடனே போன் போட்டான்.

"எழிலு, உங்கம்மா வீட்டுக்குப் போய்டாத! ரெண்டு பேரும் அடுப்பைத் தொட வேணாம். பிரியாணி வாங்கினு வர்றேன், உக்காந்து பேசிக்கலாம்."

"சீக்கிரம் வாங்க" என்று விம்மிவிட்டுப் போனை வைத்த எழிலரசி, கேமராவுக்கு முதுகைக் காட்டிச் சிரித்தாள். "அத்தை, இன்னிக்கு அழுகை கொஞ்சம் ஜாஸ்தி!"

"எங்க ஆயா ஊமைப்பட நடிகைடீ. ஒரு வசனம் பேசாம ஊரையே அழவெச்சவங்க. நான் பெத்த ஒரு புள்ளைய அழவெச்சு, ஒரு வேளை அடுப்புக்கு லீவு விடக் கூடாதா?"