சீனி மலை

சுயம்புவின் மளிகைக் கடையில், சீனி மூட்டைக்கு அடியில், ஒரு கட்டெறும்பும் ஒரு பிள்ளையார் எறும்பும் குடியிருந்தன. சுயம்பு காகிதத்தில் சீனி மடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கீழே சிந்தும். இரண்டுக்கும் அது தாராளம்.

தெருமுனையில் பிரம்மாண்டமான தள்ளுபடிக் கடை ஒன்று திறந்தது. தெரு சனம் மொத்தமும் அங்கே போனது. கட்டெறும்பும் கிளம்பிவிட்டது.

"அண்ணே, மழை வரப்போகுது. இங்கேயே சேர்த்து வைப்போமே," என்றது பிள்ளையார் எறும்பு.

"போடா, சிந்தினதைப் பொறுக்கியே பழகிட்டே. அங்கே சீனி மலையாக் கிடக்குதாம்!"

முன்னால் போகிறவன் பின்னால் போவதுதான் எறும்புப் பழக்கம். பிள்ளையார் எறும்பும் முணுமுணுத்துக்கொண்டே நடந்தது.

மலை இருந்தது. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிளாஸ்டிக்கில் ஒட்டி மூடியிருந்தார்கள். கட்டெறும்பு பல் நோகக் கடித்தும் ஒரு துகள்கூட வெளியே வரவில்லை. தரையை வேறு சும்மா சும்மா மருந்து போட்டுத் துடைத்தார்கள்.

"நாளைக்கு ஒண்ணாவது கிழியும் பாரு," என்றது கட்டெறும்பு. மறுநாளும் அதையே சொன்னது. அதற்கு மறுநாளும்.

மழை பிடித்துக்கொண்டதும் இரண்டும் பட்டினியாகத் திரும்பின. சுயம்புவின் கடை பூட்டிக் கிடந்தது. கதவிடுக்கில் நுழைந்து பார்த்தால், மூட்டை இருந்த இடத்தில் வெறும் தரை.

"என்ன மனுஷன்டா இவன்!" என்று கத்தியது கட்டெறும்பு. "நம்மகிட்டே ஒரு வார்த்தை சொல்லிட்டு மூடக்கூடாது?"

பிள்ளையார் எறும்பு யாரையும் கடிக்காது என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு அது கட்டெறும்பின் காலையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது.