மெஷினின் மூக்கு

“இன்னும் கிட்ட வந்து ஊது,” என்றார் ரெங்கசாமி.

மனைவி தனலெட்சுமி நெஞ்சில் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, பங்சார் கடையில் வாங்கிய புதுக் காற்றுச் சுத்திகரிப்பு மெஷினுக்கு நேரே குனிந்து ஊதினாள்.

பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. உள்ளே விசிறி உறுமியது.

“உங்க மெஷினுக்கே என்னைப் பிடிக்கல லா!”

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

காடெரிந்து வந்த தொண்ணூற்றேழாம் ஆண்டுப் புகைமூட்டம் அது. பிரிக்பீல்ட்ஸில் எதிர்வீடே தெரியவில்லை. அவளுக்கோ ஆஸ்துமா. ஜன்னல் இடுக்குகளில் நாளிதழைத் திணித்து டேப் ஒட்டியிருந்தார்.

வெளிப்புகையை அடைத்தாயிற்று. வீட்டுக்குள் எது அவள் மூச்சைப் பிடிக்கிறது?

அதை மெஷின் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினார். முகப்பவுடரைக் காட்டினார், பச்சை. கொசுவர்த்திக்கு உடனே சிவப்பு, அதைத் தூக்கி வெளியே எறிந்தார். வெங்காயத்தை நறுக்கி நீட்டியபோது மெஷின் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது.

“நாளைக்கு உங்க காலுறையக் காட்டுங்க. மெஷின் தாங்குதான்னு பாப்போம்.”

மறுநாள் விடியலில் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது.

மதியம் கூடத்தில் கிடத்தினார்கள். யாரோ டேப்பைப் பிய்த்து ஜன்னல்களைத் திறந்திருந்தார்கள். தலைமாட்டில் கட்டுக்கட்டாக ஊதுவத்தி. கால்மாட்டில் சாம்பிராணி.

யாரும் அணைக்காததால் மெஷின் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு.

பக்கத்து வீட்டு சபாபதி காதருகே குனிந்தார். “அண்ணே, தேவாரம் யாருக்கும் கேக்கல. இத ஓஃப் பண்ணிடவா?”

ரெங்கசாமி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எதனால் சிவப்பு? மாலைகளா? மல்லிகையை அதனிடம் காட்டிப் பார்த்ததே இல்லை. இத்தனை பேர் வியர்வையா?

எழுந்துபோய் ஒரு மாலையை எடுத்து மெஷின் முன் பிடித்தார். உறுமல் ஏறவில்லை.

மாலையை அவள்மேல் திரும்ப வைத்துவிட்டு, சாம்பிராணித் தட்டைத் தூக்கி வந்தார். மெஷின் அலறியது.

தேவாரம் நின்றது.

தட்டை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து ஊதுவத்திகளையும் பிடுங்கினார். சபாபதி கையைப் பிடித்தார். “எங்கண்ணே கொண்டுபோறீங்க? சடங்கு இல்லையா?”

“வெளிய வச்சுச் செய்ங்க. அவளுக்குப் புகை ஆகாது.”