பாறைத்திட்டுவரை போன பனியன்கள்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருக்கும் கந்தப்பனின் பனியன் கம்பெனிக்கு, கப்பலேற்றிய சரக்கு அப்படியே திரும்பி வந்தது. ஆள் வசிக்காத ஒரு பாறைத்திட்டுக்கு இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடின. இரண்டின் போர்க்கப்பல்களும் வழியை மறித்ததால், சரக்குக் கப்பல் அந்தத் திட்டின் அருகே வாரக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தது. கண்டெய்னரின் சீல் உடையவில்லை.

செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மெஹ்ஜபின் முதல் பெட்டியைப் பிரித்தாள். பாலிதீன் உறை ஒட்டியபடியே இருந்தது. உள்ளே மடிப்பும் கலையவில்லை. ஆனால் பனியனின் கழுத்தில் அழுக்கு வளையம். அக்குளில் உப்புப் பூத்த வியர்வைக் கறை. எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் அப்படித்தான்.

“யாரோ போட்டுக் கழட்டுனதாட்ட இருக்குதுங்ணா.”

“நடுக்கடல்ல யாரும்மா போடுவாங்க? உப்புக்காத்தா இருக்கும்,” என்றார் கந்தப்பன். “ஒண்ணைத் தொவச்சுப் பாரு. கறை போச்சுன்னா வேற கப்பல்ல ஏத்தீரலாம். இந்த ஆர்டர் போச்சுன்னா கம்பெனியவே சாத்தோணும்.”

துவைத்ததும் கறை போய்விட்டது. நிறம் மங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பனியனை அனுப்பாமல் எடுத்துவைப்பது கம்பெனி வழக்கம். மெஹ்ஜபின் தன்னிடம் இருந்த சாவியால் ஆபீஸ் பீரோவைத் திறந்தாள்.

திருப்பூரைத் தாண்டாத அந்தப் பனியன் ஹேங்கரில் தொங்கியது. அதன் கழுத்திலும் அழுக்கு வளையம் இருந்தது. கையில் எடுத்தாள். துணியில் உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை.