அழியாத டிஸ்க்

“ஒரு தடவை எழுதினா அப்புறம் எவனும் அழிக்க முடியாத டிஸ்க்தான் வேணும். இருக்கா?” என்றார் மேனேஜர்.

நாலு கடை ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தார். இந்தக் காலத்தில் டிவிடியை யார் வாங்குகிறார்கள் என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த இந்த ஐந்தாவது கடையில்தான், அலமாரியின் உச்சியில் தூசி படிந்து சில டப்பாக்கள் கண்ணில் பட்டன.

கடைக்காரப் பெண் மூன்று டப்பாக்களை இறக்கித் துணியால் துடைத்து வைத்தாள். “இது ஆர்டபிள்யூ சார். சிலேட்டு மாதிரி, அழிச்சு அழிச்சு எழுதலாம். இது பிளஸ் ஆர், இது மைனஸ் ஆர். ரெண்டுமே ஒரு தடவைதான், கல்லுல வெட்டின மாதிரி. எந்த மெஷின்ல போடப் போறீங்க?”

“அரசாங்க ஆபீஸ்ல. அரதப் பழசு.”

“அப்ப மைனஸ் ஆர் எடுத்துக்குங்க. பழைய பிளேயர் சிலது பிளஸ்ஸைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கும்.”

“சரி, அதையே போடு. விசாரணைக்குக் கொடுக்கறதும்மா. அழிச்சிட்டாங்க, மாத்திட்டாங்கன்னு நாளைக்கு என் தலையில எவனும் பழி போடக் கூடாது.”

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜருக்கு அதுவே பிடித்திருந்தது. பென் டிரைவை நீட்டினார்.

“ரெண்டு வீடியோ இருக்கே சார். ஒண்ணு நாப்பது நிமிஷம், ஒண்ணு முப்பது.”

“சின்னதைப் போடு. பெரிசைத் தொடாதே.”

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் வேலை பார்க்கும் ஆலையின் துணிக் கிடங்கில் தீப்பிடித்து ஆறு பெண்கள் செத்துப்போனார்கள். பின்கதவு பூட்டியிருந்தது என்று ஊரே பேசியது. பூட்டவே இல்லை, அவசரத்தில் கதவு சிக்கிக்கொண்டது என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தக் கதவுக்கு எதிரே சுவரில் ஒரு கேமரா இருந்தது. அதன் படத்தை முப்பதாவது நிமிடத்தோடு வெட்டியாகிவிட்டது. புகையில் கேமரா நின்றுபோச்சு என்று சொன்னால் போதும். மீதிப் பத்து நிமிடத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் தெரியும்.

போன் அடித்தது. முதலாளி. மேனேஜர் கடையை விட்டு இறங்கித் தெரு ஓரமாகப் போய் நின்றார்.

“என்னய்யா, முடிஞ்சுதா?”

“முடிஞ்ச மாதிரிதான் முதலாளி. ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது.”

முதலாளிக்குப் பயம். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் கால் மணி நேரம் ஓட்டிவிட்டுத்தான் வைத்தார்.

மேனேஜர் திரும்பி வந்தபோது டிஸ்க் வெளியே வந்திருந்தது. “ஓடுதான்னு பாத்துக்குங்க,” என்று அவள் மறுபடி உள்ளே தள்ளினாள். திரையில் ஆளில்லாத நடைவழி, ஒருக்களித்துச் சாத்திய இரும்புக் கதவு. அரை நிமிடம் பார்த்தார். அதற்கு மேல் அந்தக் கதவைப் பார்க்க முடியவில்லை.

“போதும், போதும். பென் டிரைவ்ல இருக்கற ரெண்டையும் இப்பவே என் கண்ணு முன்னால அழிச்சுடு.”

அவள் அழித்துக் காட்டினாள். “பில் போடவா மேனேஜர் சார்?”

“பில்லெல்லாம் எதுக்கு?” டிஸ்கை உறையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். பல நாளுக்குப் பிறகு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது.

மூன்று மணிக்கு விசாரணை. சின்ன அறை. முன்னால் அதிகாரி, அவர் பக்கத்தில் பழைய டிவியும் பிளேயரும். பின் பெஞ்சுகளில் இறந்துபோனவர்களின் வீட்டார் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் மறந்தும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“இதுல யாரும் கை வைக்க முடியாதே?” என்று அதிகாரி கேட்டார்.

“எமனே வந்தாலும் முடியாதுங்க ஐயா. ஒரு தடவை எழுதினா எழுதினதுதான்.”

“அப்ப இதுதான் உண்மையான பதிவுன்னு மேலேயே கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை வாங்கிப் போட்டார்.

படம் ஓடியது. வெறும் நடைவழி, வெறும் கதவு. அறையில் யாரோ இருமினார்கள். இருபத்தெட்டாவது நிமிடத்தில் கதவிடுக்கு வழியாக நூல் போலப் புகை கிளம்பியது. பின் பெஞ்சில் ஒரு விசும்பல். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தொன்பது. முப்பது. இப்போது திரை இருண்டுவிடும்.

இருளவில்லை.

திரையில் ஒரு ஆள் ஓடிவந்தார். சின்னத் தீதானே, இதைச் சாக்காக வைத்துத் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று அன்றைக்கு அவர் நினைத்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பியபோது மேனேஜரின் முகம் பளிச்சென்று தெரிந்தது.

அதற்குப் பிறகு ஆள் இல்லை. சத்தமில்லாத படம். பூட்டு மட்டும் துள்ளியது. நின்றது. மறுபடி துள்ளியது.

அதிகாரி நிறுத்தச் சொல்லவில்லை. பின்னால் ஒரு பெஞ்ச் கிறீச்சிட்டது. மேனேஜர் திரும்பினார். எழுந்து நின்றவள் டிஸ்க் கடைக்காரி.

“உள்ளேயிருந்து தட்டுறது என் தங்கச்சி, சார்.”